ஆளைப் பார்த்து மாறும் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள் முழுக்க ஃபோனில் பேசுவதையே வேலையாக வைத்திருப்பவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வகுப்பு முடிந்த பிறகு நாலைந்து பேர் கிளம்பாமல் நிற்பார்கள். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து, ஏதோ ரகசிய வியாதியைச் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தி, "ஆளுக்கு ஆள் என் பேச்சு மாறிடுது மேடம்" என்பார்கள். இதையே பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இதைக் கையில் கொடுத்துவிடலாமே என்றுதான் இந்தப் பக்கம். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஆக்சென்ட்டுன்னா என்ன, ஸ்லாங்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?

பேச்சில் இரண்டையும் ஒன்றாகத்தான் புழங்குகிறோம். "அவன் ஸ்லாங்கே வேற" என்றால் சொல், ராகம், இழுவை எல்லாம் அதில் அடக்கம். பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், சொல்லும் அதன் விகுதியும் மாறுவது வட்டார வழக்கு. அதே சொல்லை வேறு மாதிரி ஒலிப்பது ஆக்சென்ட். 'வந்தார்கள்' என்பது ஒருவர் வாயில் 'வந்தாங்க' என்றும் இன்னொருவர் வாயில் 'வந்தாக' என்றும் வந்தால் அது வழக்கு. 'மழை'யை ஒருவர் நாக்கை மடித்துச் சொல்கிறார், இன்னொருவர் 'மளை' என்கிறார் என்றால் அது ஆக்சென்ட்.

ஆள் மாறும்போது இரண்டும் சேர்ந்தேதான் மாறுகின்றன. அதனால் கீழே எங்கும் நான் கறாராகப் பிரிக்கப் போவதில்லை.

எங்கிட்ட எந்த ஆக்சென்ட்டும் இல்லையே, நான் நார்மலாத்தானே பேசுறேன்?

எல்லோரும் நார்மலாகத்தான் பேசுகிறார்கள், அவரவர் காதுக்கு. வாய் திறந்தால் ஏதோ ஓர் ஒலிப்பு முறை இருந்தே தீரும். செய்தி வாசிப்பவரின் பேச்சும் ஓர் ஆக்சென்ட்தான். அதைக் கேட்டுப் பழகிவிட்டதால் அது வெறும் தண்ணீர் போலத் தெரிகிறது.

சந்தேகமிருந்தால் ஒரு நாள் முழுக்க உங்கள் பேச்சைப் பதிவு செய்து இரவில் கேட்டுப் பாருங்கள். நண்பனிடம் பேசியது, மேலதிகாரியிடம் பேசியது, வழி கேட்ட தெரியாதவரிடம் பேசியது. மூன்றும் ஒரே ஆள்தானா என்று உங்களுக்கே தோன்றும். (மற்றவர் பேச்சும் சேர்ந்து பதிவாகும். அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.)

அம்மாகிட்ட ஃபோன்ல ஒரு மாதிரி, ஆபீஸ்ல ஒரு மாதிரி பேசுறேன். எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. எனக்கே நடந்தது ஒன்று. வகுப்பில் ஒலிப்பைப் பற்றி நிறுத்தி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்டார். அவசரமோ என்று எடுத்தேன். மொத்தமே முப்பது விநாடிதான். வைத்துவிட்டுத் திரும்பினால் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. "இப்ப பேசுனது யாரு மேடம்?" என்றாள் முன்வரிசைப் பெண். வாக்கியத்தின் கடைசியைத் தூக்கி இழுத்திருக்கிறேன், 'என்ன' என்பது 'என்னா' ஆகியிருக்கிறது, குரலும் இரண்டு படி ஏறியிருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்று அதையே பாடமாக்கிவிட்டேன், வேறு வழி?

இதை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில் ஒரு பயண முகவர் அலுவலகத்து ஊழியர் 51 வாடிக்கையாளர்களிடம் பேசியதை நிகழ்விலேயே பதிவு செய்து நிக்கோலஸ் கூப்லண்ட் அலசினார். ஆய்வு 1984-ல் வெளியானது. எதிரில் உட்கார்ந்தவர் எந்த அளவுக்கு அந்த ஊர் ஒலிப்பில் பேசினாரோ, ஏறக்குறைய அந்த அளவுக்கு இவர் பேச்சும் போயிருந்தது. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இல்லை.

நான் வேணும்னே பண்றதில்லை, அதுவா வருது. எப்படி?

பேசும்போது வாய் மட்டும் வேலை செய்வதில்லை, காதும் செய்கிறது. எதிராளியின் வேகம், அவர் நிறுத்தும் இடம், ஒரு உயிரெழுத்தை எவ்வளவு நீட்டுகிறார் என்பதெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த வாக்கியத்தை நீங்கள் எடுக்கும்போது சற்றுமுன் கேட்ட அந்த ஒலிகள் சூடு ஆறாமல் பக்கத்தில் கிடக்கின்றன. அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். கொட்டாவி தொற்றுவது மாதிரிதான்.

ஹோவர்ட் கைல்ஸ் என்ற உளவியலாளர் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு கோட்பாடே வகுத்தார். ஒருவர் பேச்சு எதிராளியை நோக்கி நெருங்கலாம், அல்லது வேண்டுமென்றே விலகலாம். இரண்டுமே உறவைப் பற்றிய செய்தி என்பது அதன் சாரம்.

இன்னொன்றும் உண்டு. கேட்டறியாத ஒலிப்பைப் புரிந்துகொள்ளவும் இது உதவுகிறது. 2010-ல் பட்டி அடாங்க் குழு நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்தது. இல்லாத ஓர் ஆக்சென்ட்டைப் புதிதாக உருவாக்கி, சிலரைக் கேட்க மட்டும் வைத்தார்கள். சிலரை அதே மாதிரி திருப்பிச் சொல்லவும் வைத்தார்கள். பிறகு இரைச்சலுக்கு நடுவே அந்தப் பேச்சை ஒலிக்கவிட்டபோது, திருப்பிச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் கூடுதலாகப் புரிந்தது.

அதுவா ஒட்டிக்குதுன்னா எல்லார்கிட்டயும் ஒட்டணுமே, சில பேர்கிட்ட மட்டும் ஏன்?

மனசு வடிகட்டுகிறது. நியூசிலாந்துக்காரர்களுக்கு ஓர் ஆஸ்திரேலியரின் குரலைப் போட்டுக்காட்டிச் சொற்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார் மோலி பேபல். அது 2010-ல் வெளியானது. ஒரு குழுவிடம் அந்த ஆஸ்திரேலியர் நியூசிலாந்தைப் புகழ்ந்ததாகவும், இன்னொரு குழுவிடம் மட்டம் தட்டியதாகவும் சொல்லி வைத்தார். அதனால் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் மேல் உள்ளுக்குள்ளேயே சாய்வு இருந்தவர்களின் உயிரெழுத்துகள்தான் அந்தக் குரல் பக்கம் அதிகம் நகர்ந்தன.

ஆக, பிடித்தவரிடம் ஒட்டும். அவர் தயவு வேண்டுமென்றாலும் ஒட்டும். நேர்காணலில் எல்லோரும் திடீரென்று திருத்தமாகப் பேசுவது அதனால்தான். உங்கள் பேச்சு யாரிடம் அதிகம் மாறுகிறது என்று ஒரு வாரம் கவனித்தால், யாரை உங்களுக்குப் பிடிக்கும், யாரிடம் பயம் என்று ஒரு பட்டியலே கிடைத்துவிடும். கொஞ்சம் சங்கடமான பட்டியல்.

சில பேர்கிட்ட பேசும்போது எங்க ஊர்ப் பேச்சு இன்னும் அழுத்தமா வருதே?

முந்தின பதிலில் சொன்னதன் மறுபக்கம் இது, விலகல். 1977-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரிச்சர்ட் பூரியும் கைல்ஸும் வெல்ஷ் மொழி கற்கும் வேல்ஸ்காரர்களிடம், மேட்டுக்குடி ஆங்கிலத்தில் பேசும் ஒருவரைக் கேள்வி கேட்க வைத்தார்கள். நடுவில் அவர், எதிர்காலமே இல்லாத, செத்துக்கொண்டிருக்கும் ஒரு மொழியை எதற்குப் படிக்கிறீர்கள் என்று சீண்டினார். பதில் சொன்னது ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்த ஆங்கிலத்தில் வெல்ஷ் வாடை சட்டென்று ஏறிவிட்டது. சிலர் வெல்ஷ் சொற்களையும் சேர்த்தார்கள். ஒருவர் பதிலே சொல்லாமல், நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாத ஒரு வெல்ஷ் வினைச்சொல்லை எடுத்து, இறந்தகாலம் எதிர்காலம் என்று மைக்கில் மெதுவாக ஒப்பித்துக்கொண்டிருந்தாராம்.

சீண்டினால் பேச்சு சொந்த ஊருக்குத் திரும்பி ஓடும். அது திமிர் என்று எதிராளிக்குத் தோன்றலாம். தோன்றட்டுமே, அதற்காகத்தானே அது வருகிறது.

மாத்தி மாத்திப் பேசினா அது நடிப்பு இல்லையா? போலின்னு சொல்ல மாட்டாங்களா?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: கைக்குழந்தையிடமும் காவல் அதிகாரியிடமும் ஒரே குரலில் பேசுவீர்களா? மாட்டீர்கள். அதை யாரும் நடிப்பு என்பதில்லை. ஆக்சென்ட் விஷயத்தில் மட்டும் சந்தேகம் ஏன் வருகிறது என்றால், ஆக்சென்ட்டில் ஊர் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, படிப்பு இருக்கிறது. ஒருவர் அதை மாற்றும்போது தன் பிறப்பையே ஒளிக்கிறார் என்று பார்ப்பவருக்குப் படுகிறது.

சிலர் ஒளிக்கவும் செய்கிறார்கள். கேலி பேசிப் பேசி ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு "ஏன் நடிக்கிறே?" என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சொல்லும் விஷயம் பொய்யாக இருந்தால் போலி. உண்மையை எந்த ராகத்தில் சொன்னாலும் அது உண்மைதான்.

நான் அவரை மாதிரியே பேசினதும் கிண்டல் பண்றேன்னு நினைச்சுக்கிட்டாரு. என்ன பண்றது?

எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஒருமுறை பயிற்சிக்கு வந்தவர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் அழகாகத் தாழ்த்தி இறக்குவார். அரைமணி நேரத்தில் என் பேச்சும் அப்படியே இறங்க ஆரம்பித்துவிட்டது. அவர் பேச்சை நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தார். "பழகிடுச்சாக்கும்?" என்றார். சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவரை அப்படிப் பேசிக் காட்டியே அழவைத்திருக்கிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

தானாக ஒட்டுவதும் கிண்டலும் கேட்பவர் காதில் எங்கே பிரிகின்றன? தானாக ஒட்டுவது அரைகுறையாக இருக்கும். வேகம், ஏற்ற இறக்கம், ஓரிரு உயிர் ஒலி, அவ்வளவுதான். அந்த ஊரின் அடையாளமாக எல்லோருக்கும் தெரிந்த சொல்லைப் பொறுக்கி எடுத்துப் போடும்போதுதான் கிண்டல் தொடங்குகிறது. ராகம் ஒட்டினால் விட்டுவிடுங்கள், தப்பில்லை. அந்த முத்திரைச் சொற்களைத் தொடாதீர்கள். அவை அவர்களுடையவை.

மாட்டிக்கொண்டால் மழுப்பாமல் சொல்லிவிடுவதே மேல். "எனக்கு இப்படித்தான் ஒட்டிக்கும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. முழுதாக இல்லை.

பேச்சை வச்சு ஆளை எடை போடுவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். ஜான் பாஃப் என்ற அமெரிக்க மொழியியலாளருக்கு மூன்று விதமான ஆங்கிலம் சரளமாக வரும்: கறுப்பினத்தவர் பேசுவது, மெக்சிக்க வம்சாவளியினர் பேசுவது, பொதுவாக வெள்ளையர் என்று கருதப்படும் பேச்சு. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாடகைக்கு வீடு கேட்டு ஃபோன் செய்தார். ஆள் ஒருவரே, கேள்வியும் ஒன்றே, குரல் மட்டும் மூன்று. வெள்ளையர் அதிகம் வசிக்கும் பகுதிகளில் முதல் இரண்டு குரல்களுக்கும் வீடு பார்க்க வரச் சொன்ன அழைப்புகள் குறைவு. 1999-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட அந்த ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: 'ஹலோ' என்ற ஒரே சொல்லை வைத்து, கேட்டவர்கள் 10-க்கு 7 தடவைக்கு மேல் எந்தப் பேச்சு என்று சரியாகச் சொன்னார்கள்.

வெறுப்பு இல்லாத இடத்திலும் சிக்கல் உண்டு. 'ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி தண்ணீரில்லாமல் அதிக நாள் தாங்கும்' என்பது மாதிரியான தகவல்களை, வெளிநாட்டு ஆக்சென்ட்டில் சொன்னபோது கேட்டவர்கள் சற்றுக் குறைவாக நம்பினார்கள். பேசுபவர் யாரோ எழுதிக்கொடுத்ததைத்தான் படிக்கிறார் என்று தெரிந்தும் அப்படித்தான். 2010-ல் ஷிரி லெவ்-ஆரியும் போவாஸ் கெய்சாரும் செய்த ஆய்வு இது. காதுக்குச் சிரமமாக இருப்பதை மூளை 'நம்பச் சிரமம்' என்று எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அப்போ வேலைக்காக ஆக்சென்ட்டை மாத்திக்கத்தான் வேணுமா?

என் பிழைப்பே அதுதான், ஆனாலும் சொல்கிறேன்: முழுதாக மாற்ற வேண்டியதில்லை. ஃபோனில் பேச்சு புரியாமல் போவது பெரும்பாலும் வேகத்தால்தான். அதற்கடுத்து, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குவது. பெயர், எண், தேதி வரும் இடங்களில் நிறுத்திச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். ஊர் ராகம் அப்படியே இருக்கட்டும்.

"நீ இப்படிப் பேசினால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது" என்று ஒரு மேலாளர் சொன்னால், புரியவில்லையா, பிடிக்கவில்லையா என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் திருத்தலாம். பிடிக்கவில்லை என்றால் திருந்த வேண்டியது உங்கள் நாக்கு இல்லை. நடைமுறையில் சம்பளம் அவர் கையில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். சிலர் வேலைக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு என்று வைத்துக்கொண்டு நிம்மதியாகவே இருக்கிறார்கள். சிலருக்கு அது நாள் முழுக்க இறுக்கமான செருப்பு. நீங்கள் எந்த ரகம் என்பது சாயங்காலம் உங்களுக்கே தெரியும்.

வயசான பிறகு பேச்சு மாறுமா? நாக்கு திரும்புமா?

குழந்தை அளவுக்குத் திரும்பாது. பதின்ம வயதைத் தாண்டி வேற்றிடம் போனவர்களின் பேச்சில் பழைய தடம் பெரும்பாலும் மிஞ்சும். ஆனால் நின்றுபோய்விடுவதும் இல்லை. இரண்டாம் எலிசபெத் அரசியின் கிறிஸ்துமஸ் வானொலி உரைகளை ஜொனாதன் ஹாரிங்டன் குழு அளந்து பார்த்தது. 1950-களில் இருந்த உயிரெழுத்துகள் 1980-களுக்குள் பொதுமக்கள் பேசும் தென் இங்கிலாந்து ஆங்கிலத்தை நோக்கி நகர்ந்திருந்தன. 2000-ல் 'நேச்சர்' இதழில் அது வந்தது. யாரிடமும் ஒட்டிக்கொள்ள வேண்டிய அவசியமில்லாத அரசிக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

பிள்ளை வீட்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு பேசுறான். குழம்பிடுவானா?

மாட்டான். இரண்டு பேச்சையும் எங்கே போடுவது என்று அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விருந்தாளி முன்னால் "ஸ்கூல்ல பேசுற மாதிரி பேசிக் காட்டுடா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கோபம் வந்தா, தூக்கக் கலக்கத்துல, பழைய பேச்சு தானா வந்துடுது. ஏன்?

புதிய ஒலிப்பைப் பிடித்து நிறுத்தக் கவனம் தேவை. கோபத்தில் கவனம் வேறெங்கோ போய்விடும், பிடி நழுவும். களைப்பிலும் அப்படியே.

திடீர்னு ஒருத்தர் பேச்சு முழுசா மாறிப்போச்சுன்னா அதுவும் இதேதானா?

இல்லை, அது வேறு. இங்கே சொல்லும் மாற்றமெல்லாம் ஆள் போனதும் திரும்பிவிடும், இல்லையென்றால் அரசிக்கு நடந்தது போல வருடக்கணக்கில் மெல்ல நடக்கும். ஒருவர் பேச்சு ஒரே நாளில் மாறி, யாரிடம் பேசினாலும் அப்படியே நின்றுவிட்டால், குழறல் இருந்தால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பக்கவாதமாகவும் இருக்கலாம்.

அபூர்வமாக மூளைக் காயத்துக்குப் பிறகு பேச்சு வெளிநாட்டார் பேசுவது போல ஆகிவிடுவதுண்டு. 1941-ல் நார்வேயில் குண்டுவீச்சில் தலையில் அடிபட்ட ஒரு பெண் பிழைத்தெழுந்தபோது, அவர் பேச்சு ஜெர்மானியர் பேசுவது போல ஒலித்தது. நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்த நேரம். கடைகளில் அவருக்குச் சாமான் கொடுக்க மறுத்தார்கள். 1947-ல் மொன்ராட்-க்ரோன் என்ற நரம்பியல் மருத்துவர் இதைப் பதிவு செய்தார். மேலே 'எடை போடுவாங்களா' என்ற கேள்விக்கு இதைவிட வலிக்கும் பதில் எனக்குத் தெரியாது.

அம்மாவும் மேனேஜரும் ஒரே ரூம்ல இருந்தா எப்படிப் பேசுறது?

திண்டாட்டம்தான். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பேச்சை அளவு எடுக்க முடியாது. ஆலன் பெல் என்ற நியூசிலாந்துக்காரர், ஒரே செய்தி வாசிப்பாளர்கள் தேசிய நிலையத்துக்கும் உள்ளூர் நிலையத்துக்கும் மாறி மாறி வாசிப்பதைக் கவனித்தார். செய்தியும் ஏறக்குறைய அதேதான். நிலையம் மாறியதும் சொல்லின் நடுவில் வரும் 'ட்' ஒலி மாறியது. எதிரில் யாரும் இல்லை, மனசுக்குள் இருந்த நேயர்தான் மாறினார். பேச்சு நேர் எதிரே இருப்பவருக்கு மிக அதிகமாகவும், பக்கத்தில் நிற்பவருக்குக் குறைவாகவும், ஒட்டுக்கேட்பவருக்கு இன்னும் குறைவாகவும் வளையும் என்று 1984-ல் எழுதினார்.

அதனால் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்களோ அவர் பேச்சுதான் வரும். மற்றவர் சிரிப்பார். நான் அம்மா முகத்தைத்தான் பார்ப்பேன். மேனேஜர் சிரித்தால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அம்மாவிடம் அந்நியமாகப் பேசினால் ஒரு வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார்.

மனசுக்குள்ள பேசிக்கும்போது எந்த ஆக்சென்ட்?

இதைக் கேட்டது எட்டாம் வகுப்புப் பையன், பயிற்சிக்கு வந்த அம்மாவின் கூடவே வந்தவன். நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. பிறகு தேடினால் ஆய்வே இருக்கிறது. ரூத் ஃபிலிக்கும் எம்மா பார்பரும் 2011-ல், இங்கிலாந்தின் வடக்கத்தியரையும் தெற்கத்தியரையும் வேடிக்கைப் பாட்டுகளைச் சத்தமில்லாமல் படிக்க வைத்துக் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். கடைசிச் சொல் ஒரு ஆக்சென்ட்டில் இயைபாகும், மற்றதில் ஆகாது. தங்கள் ஊர் ஒலிப்பில் இயைபு தப்பும் இடத்தில் அவரவர் கண் தடுக்கியது. வாயே திறக்காதபோதும் உள்ளே ஊர்ப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவனிடம் இதைச் சொன்னேன். ஒரு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். "எனக்குக் கணக்கு போடும்போது டீச்சர் குரல்தான் கேக்குது" என்றான்.